அறுபத்தெட்டு டாலர்

பதினாறு வாரப் பயிற்சி.
மணிக்குப் பதினேழு டாலர் இருபது சென்ட்,
கதவு சரியாகச் சாத்தாத விடுதியில் ஒரு கட்டில்.
ஜூலையில் தெற்கே காடு பற்றிக்கொண்டதும்
அலுவலகமே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.
ரெனாட்டா ஹாலிங்கர், என் மேலதிகாரி,
வண்டியை நிறுத்தாமலே கத்தினாள்:
"காலாவதியானதை எல்லாம் பார்த்து வை!"
எல்லாம் என்றால் நாற்பத்து மூன்று.

அனுமதி என்பது பட்டா இல்லை, குத்தகையும் இல்லை.
இருந்துகொள்,
எழு என்றால் எழுந்துவிடு
என்று சொல்கிற ஒரு தாள்.
தேன்பெட்டி அறுபது வைக்க ஒன்று.
உச்சியில் நிற்கும் ரேடியோ கோபுரத்துக்கு ஒன்று.
பைன் மரத்தடிக் கல்யாணத்துக்கு எழுபத்தைந்து பேர் கூடினால் ஒன்று,
எழுபத்து நான்கு என்றால் காடு கண்டுகொள்ளாது.

நான்காம் இழுப்பறையின் அடியில்
லீலண்ட் ஸ்ட்ரிக்ஃபேடன், 1958.
ஓர் ஊற்றுப்பெட்டி, ஆயிரத்து நானூறு அடி இரும்புக்குழாய்.
நோக்கம்: வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர்.
ஆள் போய் இருபத்திரண்டு வருஷம்.
பணம் மட்டும் ஒரு ஜனவரியும் தவறவில்லை:
டூசானிலிருந்து ஒரு காசோலை,
அறுபத்தெட்டு டாலர்,
எல்லா வருஷமும் ஒரே சாய்ந்த கையெழுத்து.

போய்ப் பார்த்தேன்.
கூஸ்பெரி ஓடை தாண்டி வண்டி போகாது,
அப்புறம் நடைதான்.
ஊற்றுப்பெட்டியின் மூடி மட்கி உள்ளே விழுந்திருந்தது.
எல்க் மான்கள் மிதித்த இடத்தில் குழாய் மூன்றாய்க் கிடந்தது.
தண்ணீர் எப்போதோ தன் வழியைப் பார்த்துக்கொண்டுவிட்டது,
இடதுபக்கம் சரிந்து, வில்லோப் புதர்களுக்குள்.
கீழே வீடு இருந்த இடத்தில்
ஒரு புகைபோக்கி, ஒரு கட்டிலின் சுருள்கம்பி.
துண்டுக் குழாயின் வாய்க்குள் கூடு கட்டிய குருவி
நான் குனிந்ததும் திட்டித் தீர்த்தது.
அதனிடம் அனுமதி இல்லை.
நான் குறித்துக்கொள்ளவில்லை.

டூசானுக்குப் போன் போட்டேன்.
மகள். பெயர் கார்லீன்.
"அதுவா? நான் ஏதோ வரி என்று நினைத்தேன்."
தண்ணீர் வராத குழாய்க்கு
இத்தனை வருஷம் கட்டியிருக்கிறீர்கள் என்றேன்.
வேண்டாமென்றால் மூடிவிடலாம்,
ஆனால் விதி இருபத்தாறின்படி
நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும்.
குழாயைப் பிடுங்கி, குழியைத் தூர்த்து, புல் விதைத்து,
உத்தேசமாகப் பதினோராயிரத்து நானூறு.

பின்னால் டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.
வெங்காயம் வதங்கும் சத்தம் வரை கேட்டது.

"அப்படியானால் அறுபத்தெட்டே இருக்கட்டும்."
பிறகு, வைப்பதற்கு முன்:
"ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா?"
இருக்கிறது, உங்கள் பக்கம்தான் வரவில்லை என்றேன்.
சிரித்தாள்.
"அப்பாவின் மாடுகளும் அப்படித்தான்."

செத்தவர் பெயரில் புதுப்பிக்கக் கூடாது.
நடக்காத பயன்பாட்டுக்கும் கூடாது.
இரண்டையும் ரெனாட்டாவுக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதி
கோப்பின் மேல் ஒட்டினேன்.
இருந்தாலும் படிவத்தை அடித்து வைத்தேன், மகள் பெயரில்,
முடிவு தேதி 2044 டிசம்பர் 31.
எனக்கு அப்போது நாற்பது வயது.
இந்த அலுவலகச் சாவியைச் செப்டம்பர் பன்னிரண்டில் கொடுத்துவிட வேண்டும்.

நோக்கம் என்ற கட்டத்தில் கை நின்றது.
வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர்.
வீடு இல்லை, மாடு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை.
அடிக்க மனம் வராமல்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன், சின்னதாய்.

ஜன்னலுக்கு வெளியே பகல் மூன்று மணிக்கே சூரியன் செம்பாய்த் தொங்கியது.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்திருந்தது.
இன்னும் நாற்பத்திரண்டு.